பட்டத்தைப் பறிக்க ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள்

வாசகர் கேள்வி பதில்: உணவும் உடலும்

போன இதழில் சர்க்கரை நோயும் சிறுநீரகமும் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் 'பதிவுபெற்ற ஒரு டயட்டீஷியனைப் பாருங்கள்' என்று ஒரு வரி போட்டிருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரியைப் பற்றித்தான். யார் டயட்டீஷியன், யார் நியூட்ரிஷனிஸ்ட், பெயருக்குப் பின்னால் நிற்கும் எழுத்துகளுக்கு என்ன அர்த்தம், யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறார்கள். சரி, இந்த முறை முழுப் பத்தியும் அதற்கே.

*

வணக்கம் டாக்டர். என் மாமியாருக்கு 68 வயது. நீண்ட நாளாகச் சர்க்கரை, இப்போது சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருக்கிறது என்கிறார்கள். மருத்துவமனையில் டயட்டீஷியனைப் பார்க்கச் சொன்னார்கள். என் நாத்தனாரோ தனக்குத் தெரிந்த ஒரு நியூட்ரிஷனிஸ்ட் பிரமாதமாக எடையைக் குறைத்துவிட்டார், அவரிடமே போகலாம் என்கிறாள். இரண்டும் ஒன்றுதானே?

முதலில் ஒன்று அம்மா, நான் டாக்டர் இல்லை, டயட்டீஷியன். இந்தப் பத்தி ஆரம்பித்த நாளிலிருந்து இதைத் திருத்திக்கொண்டே இருக்கிறேன், கடிதங்களும் 'வணக்கம் டாக்டர்' என்றே வந்துகொண்டிருக்கின்றன. இன்றைக்குப் பேசப்போகும் விஷயமே இதுதான் என்பதால் இங்கிருந்தே தொடங்கலாம்.

இரண்டும் ஒன்றில்லை. ஆனால் எவ்வளவு வேறு என்பது நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிரிட்டனில் 'டயட்டீஷியன்' என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஹெச்.சி.பி.சி. என்ற ஒழுங்குமுறை அமைப்பின் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் அந்தச் சொல்லைப் போட்டுக்கொண்டால் குற்றம், வழக்கே போடலாம். அதே பிரிட்டனில் 'நியூட்ரிஷனிஸ்ட்' என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். கேட்க ஆளில்லை. ஆஸ்திரேலியாவில் இரண்டு பெயருக்குமே சட்டப் பாதுகாப்பு கிடையாது, அதனால் அங்கே தொழில் அமைப்பு தரும் 'அக்ரிடிட்டட் பிராக்டிசிங் டயட்டீஷியன்' என்ற தகுதி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இரண்டு பெயர்களும் ஒரே தொழிலுக்கு உரியவை, இரண்டுமே சட்டத்தின் காவலில் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் டயட்டீஷியனும் பதிவு செய்யவேண்டும், நியூட்ரிஷனிஸ்டும் பதிவு செய்யவேண்டும். இந்தியாவில் 2021-இல் வந்த இணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இருவரையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இந்திய உணவியல் சங்கம் தேர்வு வைத்து 'ஆர்.டி.', அதாவது பதிவுபெற்ற டயட்டீஷியன், என்ற தகுதியைத் தந்துகொண்டிருக்கிறது.

அதனால் போர்டில் இருக்கும் சொல்லை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். நான் எல்லோருக்கும் சொல்வது ஒரே கேள்விதான்: இவர் தப்பு செய்தால் இவருடைய பட்டத்தைப் பறிக்க யாராவது இருக்கிறார்களா? பட்டத்தைக் கொடுக்க ஆயிரம் பேர் வருவார்கள். பறிக்கும் அதிகாரம் உள்ள ஓர் அமைப்பு இருந்தால்தான் அது தொழில், இல்லாவிட்டால் வெறும் விசிட்டிங் கார்டு.

இனி உங்கள் மாமியார் விஷயம். நாத்தனாருக்குத் தெரிந்தவர் நல்லவராகவே இருக்கட்டும், எடை குறைப்பதில் கெட்டிக்காரராகவும் இருக்கட்டும். ஆனால் சிறுநீரகம் வேறு கணக்கு. உதாரணத்துக்குப் புரதத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். சிறுநீரகப் பாதிப்பு முற்றிய, ஆனால் டயாலிசிஸ் தொடங்காத ஒரு சர்க்கரை நோயாளிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் என்று குறைத்து வைப்போம். 60 கிலோ எடை என்றால் நாளைக்கு 36 முதல் 48 கிராம். அவரே டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். டயாலிசிஸின்போது புரதம் வெளியேறுவதால் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும், அதாவது 60 முதல் 72 கிராம். ஆளும் நோயும் அதேதான், சில வார இடைவெளியில் அறிவுரை மட்டும் எதிர்த்திசைக்குப் போகிறது. (இந்த எண்களை வைத்துக்கொண்டு நீங்களே அளந்து போட ஆரம்பித்துவிடாதீர்கள், புரிவதற்காகச் சொன்னேன்.)

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் வந்தார். டயாலிசிஸ் ஆரம்பித்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. சட்டைப் பையிலிருந்து லேமினேட் செய்த ஓர் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார், 'புரதம் கூடாது' என்று சிவப்பில் அடிக்கோடிட்டிருந்தது. டயாலிசிஸுக்கு முன்னால் யாரோ அக்கறையாக எழுதிக் கொடுத்தது, அவரும் அக்கறையாக அதையே பிடித்துக்கொண்டிருந்தார். கைக்கடிகாரத்தின் வாரைக் கடைசி ஓட்டையில் மாட்டியிருந்தும் கையைத் தூக்கியபோது அது முழங்கைப் பக்கம் நழுவியது. அந்த அட்டை எழுதியவர் அன்றைக்குத் தப்பாக எழுதவில்லை. நிலைமை மாறியபோது அதை மாற்றித் தர வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை, அல்லது அவர் அந்த இடத்தில் இல்லை. மருத்துவமனைப் பயிற்சி என்று நாங்கள் சொல்வதில் பாதி இதுதான்: எப்போது மாற்றுவது என்று தெரிந்துகொள்வது. உங்கள் மாமியாருக்கு மருத்துவமனை டயட்டீஷியன்தான். நாத்தனாரிடம் என் பெயரைச் சொல்லிவிடுங்கள், கோபம் என்மேல் போகட்டும்.

*

நான் இன்ஸ்டாகிராமில் தொடரும் ஒருவரின் பெயருக்குப் பின்னால் ஏழு விதமான எழுத்துகள் இருக்கின்றன. அவ்வளவு படித்தவரை நம்பலாம்தானே?

ஏழா? எனக்கே அத்தனை இல்லை.

எழுத்துகளின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள் தம்பி, ஒவ்வொன்றும் எந்தக் குடும்பம் என்று பாருங்கள். பல்கலைக்கழகப் பட்டம் ஒரு குடும்பம். அது அவர் படித்தார் என்று சொல்லும், நோயாளியைக் கையாள அனுமதி பெற்றார் என்று சொல்லாது. பதிவு அல்லது உரிமம் அடுத்த குடும்பம், நான் மேலே பட்டம் என்று சொன்னது இந்தப் 'பறிக்கக்கூடிய' வகையைத்தான். அமெரிக்காவில் ஆர்.டி., ஆர்.டி.என். என்று இரண்டு விதமாகப் பார்ப்பீர்கள், இரண்டும் ஒன்றேதான். 2013-இல் 'நியூட்ரிஷனிஸ்ட்' என்ற சொல்லையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டார்கள், அவ்வளவுதான். அதை வாங்க, அங்கீகரிக்கப்பட்ட படிப்பு, மேற்பார்வையில் குறைந்தது 1000 மணி நேரப் பயிற்சி, அப்புறம் ஒரு தேர்வு. 2024 ஜனவரி 1 முதல் புதிதாகத் தேர்வெழுதுபவருக்கு முதுகலைப் பட்டமும் கட்டாயம். வாங்கிய பிறகும் விடமாட்டார்கள், ஐந்து வருடத்துக்கு 75 அலகுகள் தொடர்கல்வி காட்டினால்தான் நீடிக்கும்.

சி.என்.எஸ். (சர்டிஃபைட் நியூட்ரிஷன் ஸ்பெஷலிஸ்ட்) என்று ஒன்றைப் பார்ப்பீர்கள். அது டயட்டீஷியன் பாதை இல்லை, வேறு பாதை. ஆனால் அதற்கும் முதுகலையோ முனைவர் பட்டமோ வேண்டும், மேற்பார்வையில் 1000 மணி நேரப் பயிற்சி வேண்டும், தேர்வும் உண்டு. அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. டயட்டீஷியன் ஆனபிறகு மேலே வாங்கும் சிறப்புத் தகுதிகளும் இருக்கின்றன: சிறுநீரகம், புற்றுநோய், குழந்தைகள், விளையாட்டு என்று. உதாரணமாக விளையாட்டு உணவியலுக்கான சி.எஸ்.எஸ்.டி. வேண்டுமென்றால் ஏற்கெனவே குறைந்தது இரண்டு வருடம் டயட்டீஷியனாக இருந்திருக்க வேண்டும்.

கடைசிக் குடும்பம்தான் உங்களுடைய ஏழில் ஐந்தாக இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். வார இறுதி வகுப்பு, ஆன்லைன் வீடியோ, பணம் கட்டினால் உறுப்பினர் அட்டை. பிரிட்டனில் பென் கோல்டேக்கர் என்ற மருத்துவர், பத்திரிகையில் பத்தியும் எழுதிக்கொண்டிருந்தவர், 2004-இல் ஒரு வேலை செய்தார். ஒரு நியூட்ரிஷன் சங்கத்தில் தன் பூனை ஹென்ரியெட்டாவின் பெயரைக் கொடுத்து, பணம் கட்டி விண்ணப்பித்தார். சான்றிதழ் பெற்ற தொழில்முறை உறுப்பினர் என்று பூனை பெயருக்குச் சான்றிதழ் வந்தது. இதில் கூடுதல் விசேஷம், விண்ணப்பித்தபோது அந்தப் பூனை உயிரோடு இல்லை. செத்துப் போன பூனை ஆலோசனை சொல்லி யாருக்கும் கெடுதல் வந்திருக்காது என்பது ஓர் ஆறுதல்.

அதனால் அந்த இன்ஸ்டாகிராம்காரரின் ஒவ்வொரு எழுத்தையும் தேடிப் பாருங்கள், அந்த அமைப்பின் பக்கத்தில் மூன்று விஷயம் இருக்கிறதா என்று: உள்ளே வர என்ன தகுதி கேட்கிறார்கள், யார் மேற்பார்வையில் பயிற்சி, புகார் கொடுக்க வழி உண்டா. மூன்றாவதைத் தேடும்போதே உங்களுக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். சில இடங்களில் 'இப்போதே சேருங்கள்' பொத்தான் பத்து இடத்தில் இருக்கும், புகார் என்ற சொல்லே இருக்காது.

*

எனக்கு 24 வயது. ஜிம் பயிற்சியாளர் ஒரு டயட் கொடுத்தார், கூடவே புரோட்டீன் பவுடரும் கிரியேட்டினும். மூன்று மாதத்தில் உடம்பு நன்றாக ஏறியது. ஆனால் வருடாந்திரப் பரிசோதனையில் கிரியேட்டினின் அளவு கொஞ்சம் கூட என்று வந்திருக்கிறது. பயிற்சியாளர் பயப்படாதே என்கிறார். பயப்படவா, வேண்டாமா?

பயப்பட வேண்டாம், ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் அவர் இல்லை.

கிரியேட்டின் சாப்பிடுபவருக்கு, தசை அதிகம் உள்ளவருக்கு, சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் ரத்தத்தில் கிரியேட்டினின் கொஞ்சம் கூடக் காட்டலாம், ஏனென்றால் அதுவே தசையில் உள்ள கிரியேட்டினிலிருந்து வரும் கழிவுதான். அந்த வகையில் உங்கள் பயிற்சியாளர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் 'அதுவாக இருக்கலாம்' என்பதற்கும் 'அதுதான்' என்பதற்கும் நடுவில் ஒரு பரிசோதனை இருக்கிறது. சிஸ்டாட்டின் சி என்று ஒன்று, அதுவும் சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனைதான், ஆனால் தசையின் அளவு அதை அவ்வளவாகப் பாதிக்காது. சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்ப்பார்கள். இதை எழுதித் தர மருத்துவரால்தான் முடியும். மருத்துவரிடம் போகும்போது பவுடர் டப்பாவையே கையில் கொண்டு போங்கள், 'ஏதோ சப்ளிமென்ட்' என்று சொல்லாதீர்கள், லேபிளில் இருப்பது அவருக்கு வேண்டும்.

ஜிம் பயிற்சியாளர்களைப் பற்றி நான் மட்டமாக நினைப்பதில்லை. ஆரோக்கியமான ஒருவருக்குத் தண்ணீர் குடி, காய்கறி சேர், உணவைத் தவிர்க்காதே, பயிற்சிக்குப் பின் புரதம் எடு என்று அவர் சொல்லலாம், சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டில் ஓர் எண் தடித்த எழுத்தில் வந்த நிமிடத்தில் அவர் 'இது என் வேலை இல்லை, டாக்டரைப் பார்' என்று சொன்னால் அவர் நல்ல பயிற்சியாளர். அதை வைத்தே எடை போடுங்கள். இதே அளவுகோல் எனக்கும் பொருந்தும், மாத்திரையைக் குறைக்கச் சொல்லும் டயட்டீஷியனிடமிருந்தும் எழுந்து வந்துவிடுங்கள்.

*

எங்கள் டாக்டரே ஒரு டயட் ஷீட் கொடுத்துவிட்டார். அதற்குமேல் எதற்கு இன்னொருவர்?

ஷீட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா ஐயா, அல்லது முன்பே அச்சடித்து அடுக்கி வைத்ததிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தாரா?

மருத்துவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் படிப்பில் உணவுக்குக் கிடைக்கும் இடம் அவ்வளவுதான். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளைப் பற்றி 2010-இல் ஒரு கணக்கெடுப்பு வெளியானது, முழு மருத்துவப் படிப்பிலும் ஊட்டச்சத்துக்குச் சராசரியாக 19.6 மணி நேரம். குறைந்தது 25 மணி நேரமாவது வேண்டும் என்று அங்குள்ள தேசிய அறிவியல் அகாடமி 1985-லேயே சொல்லியிருந்தது. அதே நாட்டில் டயட்டீஷியனுக்குப் பயிற்சி மட்டும் 1000 மணி நேரம் என்று மேலே சொன்னேன். நோயைக் கண்டுபிடிப்பது, மருந்து கொடுப்பது அவர் வேலை, அதில் நான் மூக்கை நுழைக்கமாட்டேன். அந்த மருந்தோடு உங்கள் வீட்டுச் சமையல் எப்படி ஒத்துப்போகும் என்று உட்கார்ந்து பேச அவருக்கு நேரமும் கிடையாது.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் இதற்கு நல்ல உதாரணம். கீரைகளில் வைட்டமின் கே இருக்கிறது, அது வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும். அதனால் பல ஷீட்டுகளில் 'கீரை தவிர்க்கவும்' என்று ஒற்றை வரி. பயந்துபோய் முற்றிலும் நிறுத்தினால், வழக்கமாகச் சாப்பிட்டதற்கு ஏற்றபடி வைத்திருந்த மருந்தின் அளவு திடீரென்று கூடுதலாகிவிடும், ரத்தக் கசிவு வரலாம். நாங்கள் சொல்வது: நிறுத்தாதீர்கள், ஆனால் ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டு அடுத்த வாரம் விடாதீர்கள், ஒரே அளவாக வையுங்கள், மாற்றப்போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். ஒற்றை வரியில் இதையெல்லாம் எழுத முடியாதுதானே.

*

பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டிருக்கும் ஒரு நியூட்ரிஷன் நிபுணர், முனைவர் பட்டம் வாங்கியவர் என்று தெரிந்தது. ஏமாற்றா?

ஏமாற்று இல்லை, முனைவரும் டாக்டர்தான். ஆராய்ச்சி செய்தவர். என்ன ஆராய்ச்சி என்று மட்டும் கேளுங்கள். எலிகளின் குடல் நுண்ணுயிர்களைப் பற்றி ஐந்து வருடம் ஆராய்ந்தவர் அந்த விஷயத்தில் என்னைவிடப் பல மடங்கு அறிவாளி, ஆனால் அவர் ஒரு நோயாளியின் கட்டில் அருகே நின்றிருக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது. மருத்துவர் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது தெரிந்தும் அவர் திருத்தாமல் இருந்தால், அப்போது யோசியுங்கள். வேறு துறையில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு உணவைப் பற்றிப் பேசுபவர்களும் உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

நான் பொதுச் சுகாதார ஊட்டச்சத்தில் முதுகலை படித்த நியூட்ரிஷனிஸ்ட். நீங்கள் போன இதழில் எழுதிய ஒற்றை வரி எங்களையெல்லாம் போலிகள் என்று சொல்வதுபோல் இருந்தது. வருத்தமாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நியாயம்.

நான் அந்த வரியில் சிறுநீரக நோயாளியை மனதில் வைத்து எழுதினேன், படித்தவர்கள் எல்லோருக்கும் பொதுவாக எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் ஒருவரை உட்காரவைத்துப் பேசுகிறோம், நீங்கள் ஒரு ஊரையே உட்காரவைத்துப் பேசுகிறீர்கள். உப்பில் அயோடின் சேர்த்ததால் தைராய்டு வீக்கம் குறைந்தது. மாவில் ஃபோலிக் அமிலம் சேர்ப்பதை அமெரிக்கா 1998-இல் கட்டாயமாக்கியபின் முதுகுத்தண்டுக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகள் குறைந்தார்கள். இதெல்லாம் எந்த டயட்டீஷியனும் தன் அறையில் உட்கார்ந்து தனியாகச் செய்ததில்லை, உங்களைப் போன்றவர்கள் கணக்கெடுத்து, வாதாடி, கொண்டுவந்தது. ஒரு பள்ளியின் மதிய உணவுத் திட்டத்தை என்னிடம் கொடுத்தால் நான் திணறுவேன்.

உங்கள் பிரச்சினை வேறு. அந்தப் பெயருக்கு வேலி இல்லாத நாடுகளில், முதுகலை படித்த நீங்களும் ஆறு மணி நேர வீடியோ பார்த்தவரும் ஒரே சொல்லின் கீழ் நிற்கிறீர்கள். பிரிட்டனில் இதற்காகவே அசோசியேஷன் ஃபார் நியூட்ரிஷன் ஒரு தன்னார்வப் பதிவேடு வைத்திருக்கிறது, தகுதி பார்த்துத்தான் சேர்ப்பார்கள், அதில் உள்ளவர் 'பதிவுபெற்ற நியூட்ரிஷனிஸ்ட்'. உங்கள் நாட்டில் அப்படி ஒன்று இருந்தால் சேர்ந்துவிடுங்கள், போர்டில் பதிவு எண்ணைப் பெரிதாகப் போடுங்கள். நான் இனி 'டயட்டீஷியன்' என்று எழுதும் இடத்தில் எந்த வேலைக்கு என்றும் சேர்த்து எழுதுகிறேன்.

*

பள்ளி முடிக்கப்போகும் என் மகளுக்கு இந்தத் துறையில் ஆர்வம். என்ன படிக்கவைப்பது?

நோயாளிகளோடு வேலையா, ஆராய்ச்சியா, உணவுத் தொழிற்சாலையா, பொதுச் சுகாதாரமா என்று மகளைக் கேளுங்கள், பதில் தெரியாது என்றால் ஒரு மருத்துவமனை டயட்டீஷியனுடன் ஒரு நாள் சுற்றிவர அனுமதி கேளுங்கள். நாள் முழுக்க நின்று, சமையலறைக்கும் வார்டுக்கும் ஓடி, சாப்பிட மறுக்கும் ஆளிடம் கெஞ்சுவது பிடித்திருந்தால் சரி. உணவுத் தொழில்நுட்பம், உணவு அறிவியல் எல்லாம் நல்ல படிப்புகள், ஆனால் அவற்றைப் படித்துவிட்டு நேராக டயட்டீஷியனாக முடியாது. வேதியியலும் உயிரியலும் பிடிக்காது, சமையல்தான் பிடிக்கும் என்றால் கொஞ்சம் யோசிக்கச் சொல்லுங்கள், முதல் வருடமே உயிர்வேதியியல் வந்து நிற்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கட்டணம் கட்டுமுன் அந்தக் கல்லூரியின் விளம்பரத்தை மூடிவைத்துவிட்டு, பதிவு தரும் அமைப்பின் பக்கத்தில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டம் உண்மை, பல்கலைக்கழகம் உண்மை, ஆனால் அந்தப் படிப்புக்கு மட்டும் அங்கீகாரம் இல்லாததால் பதிவுத் தேர்வே எழுத முடியாமல் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டில் வேலை என்ற எண்ணம் இருந்தால் இன்னும் கவனம், ஒரு நாட்டுப் பதிவு இன்னொரு நாட்டில் அப்படியே செல்லாது. அங்கே போய் மறுபடி மதிப்பீடு, சில சமயம் மறுபடி பயிற்சி.

*

ஆன்லைனில் ஆலோசனை தரும் ஒரு பெண் 'ஹெல்த் கோச்'. நன்றாகப் பேசுகிறார், நான் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கிறார். எல்லாம் முடிந்தபின் மாதாமாதம் ஒரு பவுடர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பொறுமையாகக் கேட்பது பெரிய விஷயம், அதை லேசாக நினைக்காதீர்கள். பல டயட்டீஷியன்கள் (நானும்தான், கூட்டமான நாளில்) அதில் கோட்டை விடுகிறோம். ஹெல்த் கோச்சின் வேலையே அதுதான்: டாக்டரும் டயட்டீஷியனும் சொன்னதை நீங்கள் வாழ்க்கையில் கடைப்பிடிக்கத் துணை நிற்பது. முறையாகத் தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் டயட் எழுதித் தருவது அந்த வேலையில் இல்லை.

பவுடருக்கு என் பதில், வாங்காதீர்கள். அந்தப் பவுடர் விஷம் என்று சொல்லவில்லை. பிரச்சினையைக் கண்டுபிடிப்பவரும் அவரே, மருந்தை விற்பவரும் அவரே என்றால், உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை என்று அவர் எப்போது சொல்வார்? விற்பதில் பங்கு கிடைக்கிறதா என்று நேராகக் கேளுங்கள், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. பதிவுபெற்ற டயட்டீஷியன் விற்றாலும் இதே கேள்விதான்.

*

நல்லவரைத் தேடிப் பிடித்துவிட்டேன், பதிவேட்டில் பெயரையும் பார்த்துவிட்டேன். அடுத்த வாரம் முதல் சந்திப்பு. என்ன கொண்டுபோக வேண்டும், அவர் சரியாகத்தான் செய்கிறாரா என்று எனக்கு எப்படித் தெரியும்?

பதிவேட்டில் பெயரை மட்டும் பார்த்தீர்களா, நிலையையும் பார்த்தீர்களா? பெயர் இருக்கும், பக்கத்தில் காலாவதி, இடைநீக்கம் என்று இருக்கலாம். ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள், பதிவு எண்ணை வைத்துத் தேடுங்கள். எண்ணை நேரில் கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்வார்கள், நான் வரவேற்பறையிலேயே மாட்டி வைத்திருக்கிறேன்.

முதல் சந்திப்பில் அவர் பேசுவதைவிடக் கேட்பது அதிகமாக இருக்க வேண்டும். என்னென்ன மாத்திரை, எப்போது, சமீபத்திய ரத்தப் பரிசோதனை எங்கே, வீட்டில் யார் சமைக்கிறார்கள், வேலை நேரம் என்ன, மலச்சிக்கல் உண்டா, ஆறு மாதத்தில் எடை எவ்வளவு மாறியது என்றெல்லாம் கேட்பார். இதில் ஒன்றும் கேட்காமல் ஐந்து நிமிடத்தில் பிரின்டரிலிருந்து தாளை எடுத்தால், பதிவு எவ்வளவு உண்மையாக இருந்தாலும் வேறு ஆளைப் பாருங்கள். பல நாள் சரியாகச் சாப்பிடாமல் மெலிந்துபோன ஒருவரை அழைத்துப் போகிறீர்கள் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள்: 'இன்றைக்கே நன்றாகச் சாப்பிடக் கொடுங்கள்' என்று சொல்லமாட்டார், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றச் சொல்லி, நடுவில் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் பார்க்கச் சொல்வார். பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் அந்த உப்புகள் சரிந்து இதயமே தடுமாறலாம்.

கொண்டுபோக வேண்டியது: எல்லா மாத்திரை அட்டைகளும், யாரோ கொடுத்த சூரணம், பவுடர், எண்ணெய் உட்பட. கடைசி ரிப்போர்ட், முடிந்தால் அதற்கு முந்தையதும், ஓர் எண்ணைவிட அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் எனக்கு வேண்டும். அப்புறம் மூன்று நாள் சாப்பிட்டதை எழுதிக்கொண்டு போங்கள், அதில் ஒன்று விடுமுறை நாளாக இருக்கட்டும். அவர் வருத்தப்படுவாரோ என்று அழகுபடுத்தி எழுதாதீர்கள், எங்களுக்குத் தெரிந்துவிடும், மூன்று நாளும் ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதியது காத்திருக்கும் நாற்காலியில் எழுதியது. இரவு 11 மணிக்கு ஃபிரிட்ஜைத் திறந்து நின்றுகொண்டே சாப்பிட்டதையும் எழுதுங்கள், நேரத்தோடு.